கேட்கத் தெரிந்த காது

1970-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஹோவர்ட் புரூன் என்ற இதய மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் நோயாளி, அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் காலமான ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நோய், இதயச் செயலிழப்பு. இதயத்தின் வலு குறைந்து, உடல் கேட்கும் ரத்தத்தை முன்னே தள்ள மாட்டாமல் பின்னே தேங்கவிடும் நிலை அது.

அந்தக் கட்டுரையில் அலங்காரம் கிடையாது. பார்த்தது, தொட்டது, கேட்டது, அளந்தது, கொடுத்தது, அதற்குப் பின் நடந்தது என்று வரிசையாகப் போகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு குறிப்பிலும் நின்று பார்த்தால் ஓர் உடல் தன் கஷ்டத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறது என்பதும், அதைக் காதில் வாங்க ஒரு மனிதர் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறார் என்பதும் தெரியும். இந்த நோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் கவனித்த வரிசையிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி. 1943 இறுதியில் டெஹ்ரான் மாநாட்டுக்குப் போய்வந்த ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. காய்ச்சல் தணிந்த பிறகும் அவர் பழைய ஆளாகவில்லை. மாலையானால் தலைவலி, தீராத சோர்வு, பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்வு, விடாத இருமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கையில் இருந்தது. அறுபத்திரண்டு வயது, உலகப் போர், குளிர்காலம், இருமலுக்கு மூச்சுக்குழாய் அழற்சி. அவரது தனி மருத்துவரான அட்மிரல் ராஸ் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். மகள் அன்னாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் வற்புறுத்திய பிறகு 1944 மார்ச் இறுதியில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் முழுப் பரிசோதனைக்கு ஏற்பாடானது. அங்கே இதய நோய்ப் பிரிவைக் கவனித்துவந்த புரூன், வயது நாற்பதைக்கூட எட்டாதவர், ஜனாதிபதியை முதன்முறையாகப் பரிசோதித்தார்.

ஸ்டெதஸ்கோப்பை எடுக்குமுன் அவர் கண்ணால் பார்த்ததே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. முகம் சாம்பல் பூத்திருந்தது. உதட்டிலும் நகத்திலும் லேசான நீலம். உடம்பைச் சற்று அசைத்தாலும் மூச்சு வாங்கியது.

இந்த மூன்றாவது குறிப்பு நின்று யோசிக்க வேண்டிய ஒன்று. இதயம் தளரும்போது முதலில் காட்டிக்கொடுப்பது மாடிப்படி. போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய படிகளில் இந்த வருடம் நடுவே நிற்க வேண்டியிருக்கும். கடைத்தெருவுக்கு நடக்கும்போது கூட வருகிறவர் முன்னே போய்விடுவார். ரூஸ்வெல்ட்டுக்கு அந்தக் காட்டிக்கொடுப்பே வாய்க்கவில்லை. 1921-இல் கால்கள் செயலிழந்தது முதல் சக்கர நாற்காலிதான் அவர் நடை. படி ஏறாதவருக்குப் படியில் இளைப்பது எப்படித் தெரியும்? நோய் வெகுதூரம் முன்னேறி, படுக்கையில் திரும்புவதே ஒரு மாடி ஏறுவதற்குச் சமமான நாளில்தான் அது வெளியே வந்தது. மூட்டுவலியால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கும் இதே நிலைதான். இளைப்பதைத் தவிர்க்க அவர்கள் தம்மை அறியாமலே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் ஒரு தொந்தரவும் இல்லை என்பார்கள். ஆகவே அவர்களிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பதோடு, ஆறு மாதத்துக்கு முன் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து ஸ்டெதஸ்கோப். புரூன் முதுகில் வைத்துக் கேட்டபோது இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நுண்ணிய நொறுநொறுப்பு ஒலி கேட்டது. 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக் பொறுமையாக வகைப்படுத்திய ஒலிகளில் அது ஒன்று. நீர் கோத்து மூடிக்கிடந்த மிகச் சிறிய காற்றறைகள் மூச்சை உள்ளிழுக்கும்போது ஒவ்வொன்றாகத் திறக்கும் ஓசை அது.

ஏன் அடிப்பகுதியில்? நீர் தாழ்வை நோக்கிப் போகும். சரி, நுரையீரலுக்குள் நீர் எப்படி வந்தது? வாய்க்காலில் மடை சரியாகத் திறக்காவிட்டால் மடைக்கு முன்னே இருக்கிற வயலுக்குத் தண்ணீர் குறையும், பின்னே இருக்கிற கரையில் நீர்மட்டம் ஏறிக் கசியும். இதயத்தின் இடது கீழறைக்குப் பின்னே இருக்கும் அந்தக் கரை நுரையீரல். அங்கிருந்து வரும் ரத்தத்தை இடது கீழறை முழுதாக வாங்கித் தள்ளாதபோது நுரையீரலின் தந்துகிகளில் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக அது பாதரச அளவில் 8 முதல் 12 மில்லிமீட்டர். ரத்தத்திலுள்ள புரதங்கள் நீரைத் தம் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியின் வலு ஏறத்தாழ 25. அழுத்தம் பதினெட்டைத் தாண்டும்போதே கசிவு தொடங்குகிறது, இருபத்தைந்தைத் தாண்டினால் பிடி விட்டுப்போகிறது. தள்ளும் விசைக்கும் பிடிக்கும் விசைக்கும் இடையிலான இந்தக் கணக்கை 1896-இல் எழுதியவர் லண்டன் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஒரு மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பாதரசம்தான் நம்மை உலர்வாக வைத்திருக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் இரவில் நடப்பவை எல்லாம் விளங்கும். நின்றுகொண்டிருக்கும்போது கால்களில் தங்கியிருக்கும் ரத்தத்தில் கால் லிட்டருக்கு மேல், படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறது. நல்ல இதயம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. தளர்ந்த இதயத்துக்கு அது தாங்க மாட்டாத கூடுதல் சுமை. ஆகவே படுத்தால் திணறல், உட்கார்ந்தால் நிம்மதி. நோயாளி ஒரு தலையணைக்கு இரண்டு வைக்கிறார், பிறகு மூன்று. கடைசியில் சாய்வு நாற்காலியே படுக்கையாகிறது. மருத்துவர்கள் எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று கேட்பதன் காரணம் இதுதான். அந்த எண்ணிக்கை நுரையீரல் அழுத்தத்தின் அளவுகோல்.

இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு. சிலர் நன்றாகத்தான் படுக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மூச்சடைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலைத் தேடுகிறார்கள். ஏன் உடனே வராமல் இந்தத் தாமதம்? பகலெல்லாம் கால் வீக்கத்தில் தேங்கியிருந்த நீர், படுத்த பிறகு மெல்ல மெல்ல ரத்தக் குழாய்க்குள் திரும்புகிறது. அதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. எழுந்து உட்கார்ந்தாலும் உடனே அடங்காது, கால் மணியோ அரை மணியோ பிடிக்கும். ஆஸ்துமா என்று இதற்குத் தவறாகப் பெயர் சூட்டப்படுவதுண்டு. இரவில் மட்டும் வரும் வறட்டு இருமலும் இதன் உடன்பிறப்புதான். ரூஸ்வெல்ட்டின் இருமலுக்கு மூச்சுக்குழாய் அழற்சி ஒரு காரணமாக இருந்தது உண்மை, புரூனும் அதைக் குறித்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு காரணத்தோடு அவர் நிற்கவில்லை.

பிறகு ஸ்டெதஸ்கோப் நெஞ்சுக்கு வந்தது. இதயத்தின் நுனித்துடிப்பு இருக்க வேண்டிய இடம், இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாவது விலா இடைவெளி. ரூஸ்வெல்ட்டின் துடிப்பு அந்த இடத்தைவிட்டு இடப்புறம் நகர்ந்திருந்தது. இதயம் பெரிதாகியிருக்கிறது என்பதற்கு விரல் நுனி தந்த சாட்சியம் அது. எக்ஸ்ரே பிறகு அதையே சொன்னது. நுனியில் ஊதுவதுபோல ஒரு முணுமுணுப்பு. அறை அகன்றுபோனதால் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட மாட்டாமல், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்பதன் அடையாளம். மகாதமனி வால்வு மூடும் இரண்டாம் ஒலியோ வழக்கத்தைவிட உரத்துக் கேட்டது. எதிர்ப்பக்க அழுத்தம் அதிகமாக இருந்தால் கதவு அறைந்து மூடும். ஆக, நுனி நகர்ந்தது இதயத்தின் அளவைச் சொன்னது, முணுமுணுப்பு அதன் விளைவைச் சொன்னது, உரத்த ஒலி அதன் காரணத்தைச் சொன்னது. மூன்றும் சேர்ந்து ஒரே வாக்கியமாகின்றன. இந்தப் பொருத்தத்தின் அழகைப் பார்த்தபின், ஸ்டெதஸ்கோப்பைப் பழங்காலக் கருவி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

அந்தக் காரணத்தை உறுதிப்படுத்த அழுத்தமானி இருந்தது. அன்றைய அளவு 186/108.

இந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய எண்கள். புரூன் பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து வரிசைப்படுத்தினார். 1935-இல் 136/78. 1937-இல் 162/98. 1940-இல் 178/88. 1941-இல் 188/105. நான்கே அளவுகள். ஆறு ஆண்டுகளில் ஒரு நோய் பிறந்து வளர்ந்த வரலாறு அதற்குள் இருக்கிறது. இந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மூன்றாம் முறையும் ஜனாதிபதியானார். அந்த அளவுகளால் அவருக்கு வலியோ இளைப்போ வந்ததாக யாரும் எண்ணவில்லை.

உள்ளே என்ன நடந்தது? அதிக எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டிய இடது கீழறை முதலில் தன் சுவரைத் தடிமனாக்கிக்கொள்கிறது. உடற்பயிற்சி செய்யும் கையில் தசை புடைப்பது போல என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இங்கே தடித்த சுவர் விறைத்துப்போகிறது. சுருங்கத் தெரியும், தளர்ந்து விரியத் தெரியாது. விரியாத அறைக்குள் ரத்தம் நிரம்பாது. எக்கோ என்னும் மீயொலிப் பரிசோதனையில் பார்த்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் விகிதம் நன்றாகவே இருக்கும், ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்த வகை. காலம் போகப்போகச் சிலருக்குச் சுவர் களைத்து அறை அகன்றுபோகிறது. சாதாரணமாக நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய வெளியேற்ற விகிதம் நாற்பதுக்குக் கீழே இறங்குகிறது. இந்த நோய்க்கு முகம் இரண்டு. எக்கோ நார்மல் என்ற ஒரு சொல்லோடு நிம்மதியாகிவிட முடியாததும் இதனால்தான்.

உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து இந்தப் பாதைக்கு வந்துசேரும் பிற வழிகளும் உண்டு. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகி மீண்டும் துடிக்காமல் போவது உலகெங்கும் பெரிய வழி. சர்க்கரை நோய், நெடுநாள் மதுப் பழக்கம், சில வைரஸ் தொற்றுகள், சில புற்றுநோய் மருந்துகள், தாறுமாறான வேகத் துடிப்பு, பேறுகாலத்தை ஒட்டி அரிதாக வரும் இதயத் தசை நோய் என்று பட்டியல் நீளும். நம் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வுகளைச் சுருக்கிவிடுவது. அதனால் முப்பது வயதுப் பெண்ணுக்குக்கூட இளைப்பு வரலாம். வயதானவர்களின் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இனி, இந்த நோயின் ஆகச் சிறந்த நுணுக்கம் என்று நான் கருதும் இடம். இதயம் தளர்ந்தால் ரத்த ஓட்டம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இதயத்தின் நிலைமை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்னிடம் வரும் ரத்தம் குறைந்துவிட்டது என்பது மட்டுமே. மனித உடல் உருவான நெடுங்காலத்தில் ரத்த ஓட்டம் குறைந்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருந்தன, காயத்தில் ரத்தம் போனது அல்லது தண்ணீர் கிடைக்காமல் வற்றியது. ஆகவே சிறுநீரகம் அதற்கேற்றபடி செயல்படுகிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து ஒரு சங்கிலியைத் தொடங்குகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உப்பும் நீரும் வெளியே போகாமல் பிடித்துவைக்கப்படுகின்றன. மூளை தாகத்தைக் கிளப்புகிறது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் இதயத்தை வேகமாக ஓடச் சொல்கின்றன.

ரத்தம் இழந்தவரை இந்த ஏற்பாடு காப்பாற்றும். களைத்த இதயம் உள்ளவரையோ இது மூழ்கடிக்கும். ஏற்கெனவே தேங்கியிருக்கும் நீரோடு மேலும் நீர், ஏற்கெனவே தள்ள முடியாத எதிர்ப்போடு மேலும் எதிர்ப்பு, ஏற்கெனவே களைத்த தசைக்கு மேலும் சாட்டை. கெட்ட எண்ணம் உள்ள ஓர் உறுப்பும் இதில் இல்லை. எல்லாமே காப்பாற்றத்தான் பாடுபடுகின்றன. இந்த நோயின் துயரமும் நயமும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

வெளியே தெரியும் அடையாளங்கள் பலவும் இந்த நல்லெண்ணத்தின் தழும்புகள். கணுக்காலைக் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் விழும் பள்ளம். மாலையில் இறுகும் செருப்பு வார். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் வராமல் இடுப்பின் கீழே முதுகுப்புறம் தேங்கும் வீக்கம். கல்லீரலும் குடலும் நீர் கோத்துக்கொள்வதால் இரண்டு கவளத்திலேயே நிறைந்துவிடும் வயிறு. குனிந்து செருப்பை மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் முட்டும் மூச்சு. இந்தச் சிறு அடையாளத்துக்கு மருத்துவ உலகம் தனிப்பெயர் வைத்ததே 2014-இல்தான். தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்திப் படுக்கவைத்தால் கழுத்தில் சிரை துடித்து ஏறி நிற்கும் உயரம்; மார்பெலும்பின் மேட்டிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் இதயத்தின் வலப்பக்கத்திலும் தேக்கம் என்று பொருள். ஊசி குத்தாமல், பணம் செலவில்லாமல், இதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை வெறுங்கண்ணால் படிக்க உடல் திறந்துவைத்திருக்கும் ஜன்னல் அது.

எல்லாவற்றுக்கும் முன்னே வருவது எடை. கால் வீங்கிப் பள்ளம் விழுமுன் சில லிட்டர் நீர் உடம்பில் சேர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முன்னே தராசுக்குத் தெரிந்துவிடுகிறது.

புரூனிடம் திரும்புவோம். அவர் கேட்டுக்கொண்டவை படுக்கை ஓய்வு, உப்புக் குறைந்த எளிய உணவு, புகையைக் குறைத்தல், எடையை மெல்லக் குறைத்தல், தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், டிஜிட்டாலிஸ். போர்க்காலத்து ஜனாதிபதியால் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்க முடியாது என்று முதலில் மறுப்பு வந்தது. மூத்த மருத்துவர்கள் கூடி விவாதித்தார்கள். இளையவரான புரூன் தன் முடிவில் நின்றார். டிஜிட்டாலிஸ் கொடுக்கப்பட்டது.

அந்த மருந்துக்கும் ஒரு நுணுக்கமான பூர்வகதை உண்டு. 1775-இல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்து பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த அந்த மருந்து, பெரிய வைத்தியர்கள் கைவிட்ட நீர்க்கோவை என்ற உடல் வீக்கத்தைச் சில சமயம் குணமாக்கியிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். தாவரவியல் தெரிந்த விதரிங், வேலை செய்வது டிஜிட்டாலிஸ் எனப்படும் நரிக்கையுறைச் செடி ஒன்றே என்று கண்டுகொண்டார். அதோடு விட்டிருந்தால் அது ஒரு சாமர்த்தியம் மட்டுமே. பத்து ஆண்டுகள் அளந்து அளந்து கொடுத்துப் பார்த்தார். இலையைச் செடி பூக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும், காம்பையும் நடு நரம்பையும் நீக்க வேண்டும், சிறுநீர் பெருகினாலோ, குமட்டல் வந்தாலோ, நாடி தளர்ந்தாலோ, பேதியானாலோ அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்று எல்லை வகுத்தார். மிஞ்சினால் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும் என்பதையும் குறித்துவைத்தார். 1785-இல் வெளியிட்ட நூலில் பலித்த நோயாளிகளோடு பலிக்காத நோயாளிகளையும் எழுதினார். அந்த நேர்மைதான் ஒரு பாட்டியின் கஷாயத்தை மருத்துவமாக்கியது. மருந்து இதயத்தின் துடிப்பின்மேல் ஆற்றல் உடையது என்பதையும் அவர் கவனித்திருந்தார். அந்தக் காலத்து நீர்க்கோவையில் பெரும்பங்கு இதயத்திலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்தபோது, அந்தக் கவனிப்பின் அருமை இன்னும் கூடியது.

ரூஸ்வெல்ட்டிடம் அந்த இலை மீண்டும் வேலை செய்தது. சில நாட்களிலேயே நுரையீரல் அடியின் நொறுநொறுப்பு மறைந்தது. இருமல் நின்றது. தூக்கம் வந்தது. பின்னர் எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் சற்றுச் சுருங்கியிருந்தது. ஏப்ரலில் தென் கரோலினாவில் நண்பரின் பண்ணை வீட்டுக்கு ஓய்வுக்குப் போனவர் ஒரு மாதம் தங்கித் திரும்பினார். நோயாளி தன் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று புரூன் எழுதுகிறார். அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நோயாளிக்குத் தன் நோயைச் சொல்லாத வைத்தியம் பாதி வைத்தியம்தான். உப்பு ஏன் கூடாது என்று தெரிந்தவர்தான் உப்பை விடுவார்.

அந்த அறிக்கையில் இன்னொரு மணியான இடம், 1945 பிப்ரவரியில் யால்டா மாநாடு. போலந்து பற்றிய கடுமையான பேச்சுவார்த்தை முடிந்த ஒரு மாலை, புரூன் நாடியில் புதிதாக ஒன்றைக் கண்டார். தாளம் தவறவில்லை. ஆனால் ஒரு துடிப்பு வலுவாக, அடுத்தது மெலிவாக, மீண்டும் வலுவாக, மீண்டும் மெலிவாக. ஜெர்மன் மருத்துவர் டிராவுபே 1872-இல் விவரித்த அடையாளம் அது. அழுத்தமானியின் காற்றை மெல்ல இறக்கினால் முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒலி கேட்கும். இன்னும் கொஞ்சம் இறக்கியதும் ஒலியின் எண்ணிக்கை சட்டென இரட்டிக்கும். அவசரமாகக் காற்றை இறக்குகிறவருக்கு இது கேட்கவே கேட்காது. இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னைத் தயார் செய்துகொள்ள முடியாமல் ஒரு துடிப்பில் செலவழித்து மறுதுடிப்பில் ஏழையாகிறது என்று அதற்குப் பொருள். புரூன் சந்திப்புகளைக் குறைத்து ஓய்வு கொடுத்தார். இரண்டு நாட்களில் அது மறைந்தது. வேலைப்பளு ஓர் இதயத்தின்மேல் எப்படி இறங்குகிறது, ஓய்வு எப்படி அதைத் தூக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எது?

1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ரூஸ்வெல்ட்டுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. புரூனும் அந்த ஊரில்தான் இருந்தார். அப்போது அளந்த ரத்த அழுத்தம் 300/190. வயது அறுபத்து மூன்று. தேங்கிய நீரை டிஜிட்டாலிஸ் இறக்கியது. ஆனால் எல்லாவற்றுக்கும் வேரான அழுத்தத்தை இறக்க அன்று உருப்படியான மருந்து இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. இதயச் செயலிழப்பு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்தது என்று காட்டியது அந்த ஆய்வுதான். 1950-களின் இறுதியில் அழுத்தம் குறைக்கும் நீர் மாத்திரைகள் வந்தன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்த துப்பைப் பின்பற்றி, சிறுநீரகம் தொடங்கும் சங்கிலியை நடுவில் அறுக்கும் மருந்துகள் 1970-களில் உருவாயின. இதயச் செயலிழப்பில் அவை உயிரை நீட்டுகின்றன என்று 1987-இல் உறுதியானது. அட்ரினலினின் சாட்டையைத் தடுப்பவை, தளர்ந்த இதயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்திருந்தவை, பீட்டா பிளாக்கர்கள். அவற்றை 1975-இலேயே ஸ்வீடன் மருத்துவர்கள் துணிந்து சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வந்த பெரிய ஆய்வுகள் அவர்கள் பக்கம் நின்றன. சர்க்கரை நோய்க்கு வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவரின் இதயத்துக்கும் உதவுகிறது என்று 2019-இல் தெரிந்தது.

இவற்றில் பெரும்பாலான மருந்துகளின் சூட்சுமம் ஒன்றே. இதயத்தைச் சாட்டையால் அடிப்பதில்லை. தவறாகப் புரிந்துகொண்டு உதவ ஓடிவரும் உறுப்புகளைப் பொறு என்று தடுக்கின்றன. இதில் இதயமும் தன் பங்கைச் செய்கிறது. 1981-இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவை உப்பையும் நீரையும் கொட்டின. நீட்டப்பட்டு வதைபடும் இதயம், உப்பை விடு, நீரை விடு என்று சிறுநீரகத்துக்குத் தானே ஒரு ஹார்மோனை அனுப்புகிறது! பிடித்துவை என்ற கட்டளைகளின் கூச்சலில் அந்தக் குரல் அமுங்கிவிடுகிறது. இன்று ரத்தப் பரிசோதனையில் பி.என்.பி. என்று அளப்பது அந்தக் குடும்பத்து ஹார்மோனைத்தான். 2014-இல் உறுதியான ஒரு புதிய மருந்து அந்த ஹார்மோன் சீக்கிரம் அழியாமல் காக்கிறது. இதயம் சொல்ல வந்ததை உரக்கச் சொல்ல வைப்பதே ஒரு சிகிச்சையாகிவிட்டது.

இவ்வளவையும் ரசித்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியதும் நுணுக்கமான காரியங்களே. இந்த நோய் உள்ளவர் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றின் எடை அல்ல, நீரின் எடை. அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றின் உப்பு சிறுநீரகத்தின் தவறான எண்ணத்துக்குத் தீனி போடுகிறது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கின்றன. வீக்கம் வடிந்துவிட்டதே என்று மருந்தைத் தாமே நிறுத்துவது மீண்டும் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். படுக்கவே முடியாத திணறல், நுரை கலந்த சளி, நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாவது ஆகியவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

நோய் இன்னும் வராதவருக்கு முதல் அடையாளம் இளைப்பும் வீக்கமும் அல்ல. 136/78 என்று தொடங்கி 188/105 என்று ஏறிய அந்த எண்கள்தான். அவை உடம்பில் எந்த உணர்ச்சியையும் எழுப்பாமல் ஏறுகின்றன, அளந்தால் மட்டுமே தெரிகின்றன. 1941-இல் உலகின் வலிமைமிக்க நாடுகளில் ஒன்றை ஆண்டவரின் அந்த அளவு பதிவாகியிருந்தும் கொடுக்க உருப்படியான மருந்து இல்லை. இன்று தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரு ஜனாதிபதிக்கு வாய்க்காதது நம் எல்லோருக்கும் வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கையை நீட்டி அழுத்தத்தை அளக்கச் சொன்னால் போதும்.